குரங்கு தின்னிக்கு ஒரு செய்தி

"ஏ குரங்கு தின்னி, மரத்தை விட்டு இறங்கி வீட்டுக்குப் போன் போடு."

அன்று காலை நான் என் கணவருக்கு எழுதியது இவ்வளவுதான். கீழே என் எண்ணையும் போட்டேன். நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் ம்பிக்கா அலுவலகத்தின் நிர்வாகத் திரையில் அவருடைய போனுக்கான வரியைத் திறந்து, பூட்டுத் திரையில் தெரியவேண்டிய வாசகம் என்ற கட்டத்தில் அதை அடித்து அனுப்பினேன். பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வந்தது. காத்திருக்கிறது என்று பொருள். போன் அணைந்து கிடக்கிறது, எப்போது உயிர் பெற்று அலைவரிசையைப் பிடிக்கிறதோ அப்போது செய்தி போய்ச் சேரும்.

அவர் விடிந்ததும் தாய்சேய் நலத் திட்டத்தின் மோட்டார் சைக்கிளில் மத்தும்போ பக்கம் கிளம்பியிருந்தார். பின்னால் கட்டிய பெட்டியில் சுகாதாரப் பணியாளர்களுக்கான புது டேப்லெட்டுகள். போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவது வழக்கம். அன்று கூப்பிடவில்லை. முந்தின இரவு போனைச் சார்ஜில் போட மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, தேநீருக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போனேன்.

மதியத்துக்கு முன் போலீஸ்காரர் இருவர் வாசலில் நின்றார்கள். நக்கோண்டேயிலிருந்து வந்த ஒரு லாரியின் டயர் வெடித்திருக்கிறது. எதிரே போனவர் என் கணவர் சிஷிம்பா. அங்கேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

நான் ங்கோனி, அவர் பெம்பா. எங்கள் இரண்டு இனத்துக்கும் நடுவில் கேலிமுறை உண்டு. அவர்கள் எங்களை எலி தின்னி என்பார்கள், நாங்கள் அவர்களைக் குரங்கு தின்னி என்போம். அந்தக் காலத்தில் ஒருவரை ஒருவர் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள், பிறகு குத்துவதற்கு நாக்கே போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள் என்பார்கள். பேருந்தில் முன்பின் தெரியாத பெம்பாக்காரர் என் சாப்பாட்டுப் பொட்டலத்தை எட்டிப் பார்த்து, எலி வாலைக் காணோமே என்று கேட்கலாம். நான் கோபித்துக்கொள்ளக் கூடாது. உன் தாத்தாவுக்கு வால் இருந்ததே, அதைக் கொண்டுவரச் சொல் என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லியே ஆக வேண்டும். பதில் வந்தால்தான் அது கேலி. பதில் வராவிட்டால் வெறும் வசவு.

சிப்பாட்டாவிலிருந்து நான் தாய்சேய் நலத் திட்டத்தில் வேலைக்கு வந்த முதல் நாள், இவர் அலமாரியைத் திறந்து கடலைப் பொட்டலத்தை எடுத்துத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். எலி வந்திருக்கிறது, ஜாக்கிரதை என்று எல்லோரிடமும் சொன்னார். கடலையைச் சட்டைக்குள் ஒளிக்கிற மிருகத்தை எங்கள் ஊரில் பார்த்ததில்லை, காட்டில் மரத்து மேல்தான் பார்த்திருக்கிறேன் என்றேன். அன்றைக்கே அவர் என்னைக் கட்டிக்கொள்ளத் தீர்மானித்துவிட்டதாகப் பின்னால் சொல்வார். நான் தீர்மானிக்க இன்னும் கொஞ்சம் நாள் ஆனது.

எங்கள் வேலை ஒரே மேசையின் இரண்டு பக்கம். அவர் ஊர் ஊராகப் போவார். பெட்டியிலிருந்து டேப்லெட்டை எடுத்து, உயிர் கொடுத்து, அட்டையில் அச்சிட்ட கட்டம் கட்டமான படத்தை அதன் கேமராக் கண்ணுக்குக் காட்டுவார். அந்த நிமிடம் என் திரையில் ஒரு புது வரி முளைக்கும். கர்ப்பிணிகளைப் பதியும் படிவம், குழந்தை எடைக் கணக்கு, தடுப்பூசி அட்டவணை எல்லாவற்றையும் நான் இங்கிருந்தே இறக்கிவிடுவேன். வேண்டாத விளையாட்டுகளைத் தடுப்பேன். யாராவது கடவுச்சொல்லை மறந்தால் திறந்துவிடுவேன். பிரசவம் பார்த்துவிட்டு வந்து நிற்கிறாள் தாதி, நீ அங்கே நிஷிமாக் களி கிண்டிக்கொண்டிருக்கிறாயா, சீக்கிரம் திற என்று போனில் விரட்டுவார். பெயர் வைக்கிறது நான், வளர்க்கிறது நீ என்பார்.

தொலைந்த டேப்லெட்டுகளுக்கு வாசகம் எழுதும் வேலையும் அவருடையதாகிவிட்டது. தலைமை அலுவலகம் கொடுத்திருந்த வாசகம் மரியாதையானது: இது திட்டத்தின் சொத்து, கண்டெடுத்தவர் தயவுசெய்து இந்த எண்ணுக்குத் தெரிவிக்கவும். அதைப் படித்து யாரும் தெரிவித்ததில்லை. ஒருமுறை எங்கள் ஊர்ப் பக்கம் போகும் சிப்பாட்டா பேருந்தில் ஒரு டேப்லெட் போனபோது இவர் அந்த வாசகத்தை அழித்துவிட்டு, "எலி தின்னியே, கடிக்காதே, இது சோளம் இல்லை" என்று எழுதிவிட்டார். மறுநாளே கண்டெடுத்த ஆள் கூப்பிட்டு அரை மணி நேரம் இவரைத் திட்டிச் சிரித்து, அடுத்த பேருந்திலேயே கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு வாழைப்பழம். லுசாக்காவில் இருக்கும் எங்கள் மேலாளர் ஹமூங்கா மேடம் முதலில் கண்டித்தார். அவர் டோங்கா இனம், எங்கள் சண்டைக்கு வெளியே நிற்கிறவர். டேப்லெட்டுகள் திரும்பி வரத் தொடங்கியதும், எழுதுங்கள், ஆனால் அறிக்கையில் அந்த வாசகங்களைச் சேர்க்காதீர்கள் என்றார்.

பிறகு நாங்கள் இருவரும் ஒருவர் போனில் ஒருவர் எழுத ஆரம்பித்தோம். கூட்டத்தில் நான் போனை மேசை மேல் வைத்தால், "இந்தப் போன் எலிப்பொறியாகவும் பயன்படும்" என்று தெரியும். அன்று காலை நான் எழுதியது அந்த வரிசையில் ஒன்று.

சாவு வீட்டில் என் அண்ணன் மப்வூட்டோ தன் பங்கைக் குறையில்லாமல் செய்தான். பேருந்தை விட்டு இறங்கியவன் நேராக உள்ளே வந்து, இவருடைய மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, இவரைப்போலவே ஒரு தோளைச் சாய்த்து முற்றத்தில் நடந்தான். சவப்பெட்டியைத் தூக்க வந்தபோது குறுக்கே படுத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கோழி கொடுக்காமல் இந்தக் குரங்கைக் காட்டுக்கு அனுப்ப விடமாட்டேன் என்று அடம்பிடித்தான். அழுதுகொண்டிருந்த பெம்பாக்கிழவர்கள் சிரித்துவிட்டார்கள். முறை அப்படி. கேலிமுறைக்காரன் சிரிக்க வைக்காவிட்டால் செத்தவனுக்குக் குறை.

நான் தரையில், தலைமேல் துணி போர்த்தி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் வாய்க்குள்ளும் ஒரு சொல் வந்து நின்றது. நாத்தனார் மூம்பாவுக்கு அது எப்படித் தெரிந்ததோ, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் சியோனே. இன்னிக்கு நீ எங்க வீட்டுப் பொண்ணு. அந்தப் பக்கத்து ஆளு இல்ல. உன் அண்ணன் சொல்லட்டும்."

அவர் சொன்னது சரி. தாலி கட்டாத ஊரிலும் தாலி அறுந்தவளுக்கு விதி ஒன்றுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அலுவலகத்தில் அந்த மஞ்சள் புள்ளி இருந்தது. நான் சொன்ன கடைசிச் சொல் அதற்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அது கேலியா வசவா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மண்ணுக்குள் போய்விட்டார்.

போலீஸ்காரர்கள் தலைக்கவசத்தைக் கொடுத்தார்கள், பணப்பையைக் கொடுத்தார்கள், டேப்லெட் பெட்டியைக்கூடக் கொடுத்தார்கள். போன் இல்லை. கூட்டத்தில் யாரோ எடுத்திருப்பார்கள் என்றார்கள். விழுந்து கிடந்தவரின் சட்டைப்பையில் கைவிட்டவனைப் பற்றி நான் நிறைய நினைத்தேன். அவன் கை எப்படி இருக்கும், அந்தக் கையால் தன் பிள்ளைக்குச் சோறு எடுத்துக் கொடுப்பானா என்றெல்லாம்.

வேலைக்குத் திரும்பிய நாளில் ஹமூங்கா மேடம் கூப்பிட்டார். மகள் டெம்வா பள்ளிக்குப் போகிறாளா, தூங்குகிறாயா என்று விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். அந்தப் போனில் கர்ப்பிணிகளின் பெயர்கள் இருக்கின்றன, நோய் விவரங்கள் இருக்கின்றன. தொலைந்த கருவியை அழித்தாக வேண்டும் என்பது விதி. நான் பூட்டிவிட்டேன் என்றேன். உண்மை, செய்தி கேட்ட மறுநாளே வீட்டிலிருந்து பூட்டுக் கட்டளையைக் கொடுத்திருந்தேன்.

"பூட்டினா போதாது சியோனே, உனக்கே தெரியும். நான் இங்கிருந்து செஞ்சிருப்பேன். உன் கையால நடக்கட்டும்னு விட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்."

அவர் கேட்டதில் தப்பில்லை. மத்தும்போவிலோ சின்சாலியிலோ எவனோ ஒருவன் பூட்டை உடைத்து, இன்ன ஊரில் இன்னாருக்கு இன்ன நோய் என்று படித்துவிடக் கூடாது. நான் பயந்தது வேறு. எங்கள் திரையில் 'அழி' என்று கட்டளை கொடுத்தால், அதற்கு முன்னால் காத்திருப்பதெல்லாம் ரத்தாகிவிடும். போன் விழித்ததும் எதையும் காட்டாது, நேராகத் தன்னை அழித்துக்கொள்ளும். குரங்கு தின்னியும் மரமும் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். அவர் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த வரியைத் திறந்து, மூடி, திங்களும் செவ்வாயும் போயின.

புதன்கிழமை, ஒரு தாதிக்குக் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பினேன். சிஷிம்பா கப்பேம்ப்வா என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

செய்தி சேர்ந்தது.

வரைபடத்தில் இடம் மத்தும்போ சந்தை என்று காட்டியது. யாரோ போனை விழிக்க வைத்துவிட்டார்கள். யாரோ என் வரியைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நிமிடம்தான் அழிக்க வேண்டிய நிமிடம், போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. எலிக்குட்டியை, கணினியின் எலியைத்தான் சொல்கிறேன், அந்தச் சிவப்புப் பொத்தான் மேல் கொண்டுபோய் வைத்தேன். என் போன் அடித்தது. தெரியாத எண்.

"யாரு, எலி தின்னியா?" என்றது ஓர் ஆண் குரல்.

சிவப்புப் பொத்தானிலிருந்து எலியை நகர்த்திவிட்டேன்.

"என்ன சத்தத்தக் காணோம்? வளைக்குள்ள பூந்துட்டியா? மரத்த விட்டு எறங்குன்னு எழுதியிருக்க. நான் என் கடையில நின்னு ஒரு மனுஷனுக்கு முடி வெட்டிக்கிட்டு இருக்கேன். மரத்துல இருக்கேன்னு உனக்கு யார் சொன்னது? அதவிட, நான் பெம்பான்னு இந்தப் போனுக்கு எப்படித் தெரிஞ்சுது? மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்குதா?"

தனக்குத்தான் எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் போனைத் தூக்கிப் போட்டிருப்பான், இல்லை கோபித்துக்கொண்டிருப்பான். பெம்பாக்காரனுக்குக் குரங்கு தின்னி என்று கண்ணில் பட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. முன்னால் திருடனிடம் பேசுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்:

"குரங்குக் கறி சாப்பிட்ட கையக் கழுவாமயா அந்தப் போனத் தொட்டீங்க?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தவரிடம் அதை ஒருமுறை சொல்லிக் காட்டினார், அவரும் சிரித்தார். கூப்பிட்டவர் பெயர் கலாபா. சந்தையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார், போன்களுக்குச் சார்ஜும் போட்டுக் கொடுப்பார்.

"சரி, உன் ஆள வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு. சார்ஜ் போடக் குடுத்துட்டுப் போனவன்தான், வரவே இல்ல. இருக்கிறது ஒரே பிளக்கு, முடிவெட்டறதுக்காகப் போனப் பிடுங்கி டிராயர்ல போட்டேன், மறந்துட்டேன். இன்னிக்கு சுத்தம் பண்றப்ப எடுத்து, யாருதுன்னு பாக்கலாமேன்னு போட்டேன். மொதல்ல என்னையே திட்டுது."

போன் திருடப்படவே இல்லை. அந்தச் சட்டைப்பையில் யாரும் கைவிடவில்லை. அதை நினைக்கக்கூட நேரமில்லாமல் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவர் வரமாட்டார். அன்றைக்கே, உங்கள் கடையைத் தாண்டிப் போன கொஞ்ச நேரத்தில், அந்த லாரி.

முடிவெட்டும் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"டயர் வெடிச்ச வண்டியா?"

"ஆமாம்."

"நாங்கள்ளாம் ஓடிப்போய்ப் பாத்தோமே. மோட்டார் சைக்கிள்காரர்னாங்க. அவர்னு எனக்குத் தெரியலியே. தலையில கவசம் இருந்துச்சு..." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்கம்மா. தெரியாம என்னென்னமோ பேசிட்டேன்" என்றார்.

அந்த 'ங்க' என் நெஞ்சில் குத்தியது. கணவர் போனபின் எல்லோரும் என்னிடம் அப்படித்தான் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மரியாதை வேண்டாம். நீங்க மரியாதை குடுத்தா எனக்கு பயமா இருக்கு. முன்ன மாதிரியே பேசுங்க" என்றேன். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவர் குடுக்கறப்ப போன்ல வெளிச்சம் இருந்துச்சா? இதப் படிச்சாரா?"

"இல்ல. சுத்தமா கருப்பா இருந்துச்சு. ஏற நேரமாகும்னு சொன்னேன். சரி, ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டு வர்றேன், திரும்பறப்ப வாங்கிக்கறேன்னார்."

எனக்குத் தெரிந்ததுதான். மஞ்சள் புள்ளி பொய் சொல்லாது.

"ஆனா அவரும் சும்மா போகல" என்றார் கலாபா. குரலில் பழையது கொஞ்சம் திரும்பி வந்தது. "வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தார். மச்சான், கொஞ்சம் வெரசா ஏத்து, இந்நேரம் எங்க வீட்டு எலி மீசைய ஆட்டிக்கிட்டு போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும், அப்படின்னார். அவளே ஒரு வசவு அனுப்பியிருப்பா, அதுக்கு பதில் சொல்லலன்னா ராத்திரி சோறு கெடைக்காதுன்னார். நான் சிரிச்சேன். வண்டிய எடுத்துட்டுப் போயிட்டார்."

நான் உண்மையிலேயே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நான் அந்த வரியை அடித்த அதே காலையில், அது போய்ச் சேராமலே, அவர் பதிலைச் சொல்லிவிட்டார். ஒரு முடிதிருத்துபவரிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் சிரிப்புதான் என்று கலாபாவுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது.

"எலி கத்துது" என்றார் அவர், முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தவரிடம்.

மறுநாள் பேருந்து ஏறி மத்தும்போ போனேன். பேருந்து நிற்பது சந்தையைத் தாண்டி. அதற்கு முன் விபத்து நடந்த இடம் வந்தபோது ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார், யார் சொன்னார்களோ. கலாபா நான் நினைத்ததைவிட இளையவர், குட்டையானவர். போனைச் சுத்தமான துண்டில் சுற்றி வைத்திருந்தார். கையில் கொடுக்கும் முன், ங்கோனிகள் ஈட்டிச் சண்டையில் தோற்றார்கள் என்று ஒப்புக்கொண்டால்தான் தருவேன் என்றார். தோற்றவர்கள் மரமேறினார்கள், மரத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள் என்றேன். அவர் மனைவி எங்கிருந்தோ வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கடலையும் கொண்டுவந்து வைத்தார். எலிக்குப் பிடிக்குமே என்று கலாபா சொல்ல, அந்த அம்மாள் அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்த வேலையைச் செய்தேன். மடிக்கணினியைத் திறந்து என் கணவரின் வரிக்குப் போனேன். போனைத் திறந்து உள்ளே பார்த்திருக்கலாம், எனக்கு அந்த அதிகாரம் இருந்தது. படங்கள் என்று பார்த்தால் டேப்லெட்டுகளின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்களின் படங்களாகத்தான் இருக்கும், அவர் வேறு எதையும் படமெடுக்கிற ஆள் இல்லை. மற்றவையெல்லாம் ஊர்ப் பெண்களின் ரகசியங்கள். நான் தேடிவந்தது முந்தின நாளே கிடைத்துவிட்டது. ஹமூங்கா மேடத்தைக் கூப்பிட்டு, போன் கையில் இருக்கிறது, அழிக்கிறேன் என்றேன். மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சரி என்றார்.

அழித்தேன். குரங்கு தின்னியும் மரமும் ஒரு கணம் நின்றன, பிறகு திரை கருத்தது. கொஞ்ச நேரத்தில் பிறந்த குழந்தைபோல எதுவும் தெரியாமல் விழித்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. பையிலிருந்து கணவரின் அட்டையை எடுத்து அதன் கண்ணுக்குக் காட்டினேன். இந்த வேலையை நான் கையால் செய்தது அதுதான் முதல் தடவை, அதுவரை வரி முளைப்பதை மட்டுமே பார்த்தவள். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருப்பதாகக் கலாபா சொன்னார். எப்படிப் பிடித்தாலும் அது படித்துவிடும் என்றேன், படித்துவிட்டது.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிகிச்சை நிலையத்தின் தாதிக்கு அதைக் கொடுத்தோம். அன்று அவர் போய்க்கொண்டிருந்தது அங்கேதான். கலாபாவே தன் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இப்போது மத்தும்போ பக்கத்து வேலைக்கு நானே போகிறேன். ஒவ்வொரு தடவையும் கலாபாவின் கடையில் இறங்கிக் கொஞ்ச நேரம் வசவு வாங்கி, திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஆற்றைக் கடப்பேன். டெம்வாவை ஒருமுறை கூட்டிப்போனபோது, இது பாதிக் குரங்கு பாதி எலி, எதைப் போட்டு வளர்ப்பது என்று கேட்டார். அவள் கொடுத்த பதிலில் கடையே சிரித்தது. அதை இங்கே எழுத முடியாது.

கடைக்குப் புதுக் கண்ணாடி வந்திருக்கிறது, இரண்டாவது நாற்காலி வந்திருக்கிறது, சுவரில் நீலச் சாயம் அடித்திருக்கிறார். மின்சாரத்துக்கு மட்டும் அன்றைக்கு இருந்த அந்த ஒரே ஒரு பிளக்தான். யாருக்காவது முடிவெட்ட வேண்டும் என்றால், சார்ஜில் இருக்கும் போனைப் பிடுங்கித்தான் வைக்க வேண்டும்.